முன்னோர் அறிவும் அதன் திறவுகோலும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பிற்பகல் நீங்கள் ஒரு தீர்மானத்தை ஆராயவிருக்கின்றீர்கள். நம்மவர் வீடுகளிற் கிடக்கும் ஓலைச் சுவடிகள், கையெழுத்துக் குறிப்புக்கள், முதியோர் வாய்வழியாக வழங்கும் மருத்துவ முறைகள் ஆகிய அனைத்தையும் படமெடுத்தும் ஒலிப்பதிவு செய்தும், உலகத்தார் யாவரும் காணுமாறு இணையத்தில் ஏற்றிவிடுதல் வேண்டும் என்பது அத்தீர்மானம். அதனைக் குறித்து முன்னுரையாகச் சில சொல்லுமாறு செயலாளரவர்கள் எம்மைப் பணித்தார்கள். பிள்ளைகளுக்கு இலக்கணமும் யாப்பும் கற்பித்துக் காலங்கழிக்கும் யாம் கணினித் துறையில் வல்லுநர் அல்லேம். ஆயினும் சுவடியோடு ஓரளவு பழகியவர் என்னும் முறையில் எமக்கும் இதிற் பேச இடமுண்டெனக் கருதி வந்தோம். தீர்மானத்தை எதிர்ப்பது எம் கருத்தன்று. அதிலுள்ள ‘யாவரும்’ என்னும் ஒரு சொல்லின்மீதே எமக்கு ஐயம். அவ்வையம் எங்ஙனம் பிறந்தது என்பதனை எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு தொடங்குவோம்.

எம் பெரிய தந்தையார் குழந்தைகளுக்கு வரும் கரப்பானுக்கும் மாந்தத்துக்கும் மருந்து கொடுத்துவந்தவர். காசு வாங்கமாட்டார்; வெற்றிலை பாக்கு வைத்தால் எடுத்துக்கொள்வார். அவரிடம் நூற்றுக்கு மேற்பட்ட ஏடுகளையுடைய ஒரு சுவடி இருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வெளியூர் நிறுவனம் ஒன்றிலிருந்து மூவர் படக்கருவியோடு வந்தனர். பெரிய தந்தையார் அவர்களைத் திண்ணையில் இருத்தி மோர் கொடுத்து, சுவடியையும் பரணிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்டார். “ஐயா, இதை யார் யார் பார்ப்பார்கள்? பார்த்தவன் அரைகுறையாகப் படித்துவிட்டு ஒரு பிள்ளைக்குக் கொடுத்துத் தீங்கு வந்தால் யார் பொறுப்பு? நாளைக்கு என் மகள் இதைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கே வந்து யாரைக் கேட்பாள்?” வந்தவர்கள் நல்லவர்களே. ஆயினும் இம்மூன்றுக்கும் விடையாக அவர்கள் சொன்னது, எல்லாம் பத்திரமாக இருக்கும் என்பது ஒன்றே. பெரிய தந்தையார் கயிற்றைச் சுற்றிக் கட்டிச் சுவடியை மீளவும் பரணில் வைத்துவிட்டார். அவர் காலஞ்சென்று சில ஆண்டுகளின் பின்னர் ஓர் மழைக்காலத்தில் பரண் ஒழுகிற்று, கறையான் ஏறிற்று. யாம் சென்று கட்டை அவிழ்த்தபொழுது முழுமையாக எஞ்சியவை ஏழு ஏடுகளே. மற்றவை கையில் எடுத்த அளவிலே பொடியாயின.

அன்று யாம் அவரைக் குறித்துச் சினந்தோம். பிடிவாதத்தால் ஒரு செல்வத்தை அழித்தாரே என்று பலரிடமும் சொன்னோம். பின்னர் ஆண்டுகள் செல்லச் செல்ல, அம்மூன்று கேள்விகளுக்கும் விடை வைத்திராமல் வந்தவர்க்கும் அவ்வழிவிற் பாதிப் பங்கு உண்டென்று கருதலானோம். அவர் கேட்டவை பட்டிக்காட்டு ஐயங்கள் அல்ல. உலகின் வேறு கோடிகளில் உள்ள தொல்குடி மக்கள் அவற்றையே கேட்டனர் என்பதும், அக்கேள்விகளுக்கு விடையாகவே புதிய கருவிகள் செய்யப்பட்டன என்பதும் எமக்குப் பின்னரே தெரியவந்தன.

அவற்றைச் சொல்லுமுன் ஒன்று தெளிவுபடுத்துவோம். படமெடுத்தலே வேண்டா என்பார் எவரேனும் இவ்வவையில் உளராயின், அவரோடு எமக்கு உடன்பாடில்லை. ஓலை நிலையானது அன்று. நம் முன்னோர் அதனை நன்கறிந்தே, ஏடு பழுதுபடுமுன் புதிய ஓலையிற் படியெடுத்து, மையாடி, வசம்பு வைத்துக் கட்டிக் காத்தனர். படியெடுப்பார் இல்லாதொழிந்த காலத்திலே தான் சுவடிகள் ஆற்றிலும் அடுப்பிலும் போயின. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஊரூராக அலைந்து சுவடி தேடி 1887இற் சீவக சிந்தாமணியை அச்சிட்டிராவிடில், இன்று யாம் எதனைக் கற்பிப்போம்? சென்னையை அடுத்த ஆசியவியல் நிறுவனத்திலுள்ள தமிழ் மருத்துவச் சுவடித் தொகுதியை யுனெஸ்கோ 1997இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. எழுத்தாணி செய்த தொழிலை இன்று படக்கருவி செய்கின்றது, அவ்வளவே வேறுபாடு.

ஆனால் ஏட்டின் படம் அறிவாகிவிடுமா? இங்கே எம் தொழில் சார்ந்த ஒன்றைச் சொல்ல அவை பொறுத்தருள வேண்டும். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவின. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். ஆதலின் ‘தென்’ என்பதும் ‘தேன்’ என்பதும் ஏட்டில் ஒரே கீறல். அது தென்றிசையோ தேனோ என்பதனை இடம் நோக்கி அறிவான் ஒருவன் சொல்லல் வேண்டும். அதனைக் கடந்தாலும் மருத்துவ நூலாரின் பரிபாடை குறுக்கே நிற்கும். ஒரு பொருளை மறைபெயராற் சொல்லுதல் அவர் வழக்கம். அதனையும் கடந்தால், பெயர் சுட்டிய செடி எது என்னும் கேள்வி எழும். கீழாநெல்லி என்று கடைத்தெருவில் விற்பதனுள் ஒன்றையொன்று ஒத்த வேறு இனங்களும் கலந்திருத்தலைத் தாவர நூலார் காட்டியுள்ளனர். பெரிய தந்தையார் செடியைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, இது அதுவன்று என எறிவார். அந்த முகர்தலை எந்தப் படக்கருவி பிடிக்கும்? எனவே அறிந்தார் ஒருவர் அருகிருந்து ஏட்டைப் படித்து, செடியைக் காட்டி, பிழை திருத்திச் சொல்ல, அதனையும் சேர்த்துப் பதிதல் வேண்டும். அவ்வாறு அருகிருப்பார் எப்பொழுது இசைவர்? தம்மை மதித்துக் கேட்டால் இசைவர். இதனை மனத்திற் கொண்டு, கடல் கடந்த இரண்டு செய்திகளைக் கேண்மின்.

வட அமெரிக்காவின் கீழைக் கடலோரத்தில் மெய்ன் என்னும் மாநிலத்தில் பாசமக்வாடி என்னும் தொல்குடியினர் வாழ்கின்றனர். 1890 மார்ச்சு மாதத்தில் ஜெசி வால்டர் பியூக்ஸ் என்னும் அறிஞர், எடிசன் அப்பொழுது புதிதாகச் செய்திருந்த ஒலிப்பதிகருவியை எடுத்துக்கொண்டு அவர்களிடம் சென்றார். வேறொரு குடியினரிடம் பெரும் பயணம் மேற்கொள்ளுமுன் கருவியைச் சோதித்துப் பார்த்தலே அவர் நோக்கம். கதைகள், பாடல்கள், எண்ணுப்பெயர்கள் முதலியவற்றை அம்மக்கள் சொல்லச் சொல்ல மெழுகுருளைகளிற் பதித்துக்கொண்டார். ஓரிடத்து மக்களை நாடிச் சென்று அவர் குரலைப் பதித்த முதற் பதிவுகள் அவை என்பர். ஓர் உருளை கொள்வது இரண்டு மூன்று நிமிடப் பேச்சே. ஊசி செல்லுந்தோறும் மெழுகு தேயும். கேட்கக் கேட்கக் குரல் மங்கும்.

அவ்வுருளைகள் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்து, 1970இல் அமெரிக்கப் பேரவை நூலகத்தை அடைந்தன. எஞ்சியவை முப்பத்தொன்று. 1979இல் அந்நூலகத்தார் இத்தகைய உருளைகளை நாடாவிற் படியெடுக்கும் பெருமுயற்சி ஒன்றைத் தொடங்கினர்; அதன் பயனாக 1980களில் பாசமக்வாடி மக்கள் கையில் ஒலிநாடாப் படிகள் சேர்ந்தன. எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள்! மெழுகு பத்திரமாக இருந்தது. பாடியவர் மறைந்தனர், அவர் மக்கள் மறைந்தனர், தாய்மொழியைச் சரளமாகப் பேசுவோர் தொகையும் சுருங்கிற்று. பத்திரமாக இருக்கும் என்று எம் பெரிய தந்தையாரிடம் சொன்ன சொல் எத்துணைப் பொருளற்றது என்பதனை இவ்வொன்றே எமக்கு உணர்த்திற்று.

நாடாவிலும் இரைச்சலே மிகுதி. அண்மைக் காலத்தில் புதிய டிஜிட்டல் கருவிகளால் அவ்வுருளைகளை மீளவும் படியெடுத்து இரைச்சலைக் குறைத்தபின்னரே சொற்கள் பிரிந்து கேட்டன. அம்மொழி அறிந்த முதியோர் காதில் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரே வரியைப் பன்முறை கேட்டு, சொல் சொல்லாக எழுதினர். மறந்துபோன பாட்டை மறுபடியும் பாடக் கற்றனர். 2018இல் பேரவை நூலகம் அப்பதிவுகளை இணையத்தில் வெளியிடத் தொடங்கிற்று. எங்ஙனம் வெளியிட்டது என்பதே நாம் கவனிக்கற்பாலது. அம்மக்களையே கேட்டு, அவர்கள் தம் மொழியிற் சொன்ன குறிப்புக்களைப் பதிவுகளோடு ஒட்டி வெளியிட்டது. ஒரு குறிப்பு இது செய்யப்படும் முறை இன்னதென்று உரியவரைச் சுட்டுவது. மற்றொன்று கற்பித்தற்குரியது என்பது. வேறொன்று இது விற்பனைக்குரியதன்று என்பது. பியூக்சின் பெயரை மட்டுமே தாங்கியிருந்த பட்டியலில் பாடியவர் பெயரும் அவர் குடியின் பெயரும் ஏறின.

மற்றொரு செய்தி இதனினும் எமக்கு வியப்பளித்தது. ஆஸ்திரேலியாவின் வடபுலத்தில் டெனன்ட் கிரீக் என்னும் ஊரில் வாருமுங்கு என்னும் தொல்குடியினர் உளர். இறந்தாருடைய உருவத்தைக் காணுதல் அவர்க்குத் துயர் தருவது, மரபால் விலக்கப்பட்டது. அன்றியும் ஆடவர் மட்டும் அறிதற்குரியன, பெண்டிர் மட்டும் அறிதற்குரியன, இன்ன குடும்பத்தார்க்கே உரியன எனச் சடங்குகளும் இடங்களும் பகுக்கப்பட்டுள்ளன. பாதிரிமாரும் ஆசிரியரும் ஆராய்ச்சியாளரும் எடுத்துச் சென்ற பழைய புகைப்படங்கள் கணினி வழியாக அவர்களிடம் திரும்பி வந்தபொழுது, மகிழ்ச்சியோடு ஒரு சிக்கலும் வந்தது. எல்லாப் படங்களையும் எல்லார்க்கும் காட்டலாகாதே! கிம்பர்லி கிறிஸ்டென் என்னும் அமெரிக்கப் பெண்மணியார் அம்மக்களோடு பல்லாண்டு பழகி, அவர்கள் சொன்ன முறைப்படியே ஒரு கணினி ஏற்பாட்டைச் செய்வித்தார். 2007இல் அது அவ்வூர்ப் பண்பாட்டு நிலையத்தில் நிறுவப்பெற்றது. அதனுள் நுழைவார் தம் குடும்பம், தம் நிலம், தாம் ஆணோ பெண்ணோ என்பவற்றைச் சொல்லி நுழைவர். அவரவர்க்கு உரியதே அவரவர் கண்ணுக்குப் புலனாகும்.

அதற்கு அம்மக்களின் மூத்தோர் ஒருவர் இட்ட பெயர் முக்குட்டு என்பதுபோல ஒலிக்கும். முகுர்ட்டு என எழுதினால் ஓரளவு பொருந்தும். அது பண்டங்களை வைத்துச் சுமக்கும் ஒரு பையின் பெயர். முன்னாளில் மூத்தோர் அரும்பொருள்களை அப்பையில் வைத்திருப்பர். இளையோர் முறையாக வந்து கேட்டு, ஒழுக்கம் காட்டினால், பையைத் திறந்து காட்டிக் கற்பிப்பர். பை பூட்டிய பெட்டியும் அன்று, திறந்த சந்தையும் அன்று. கேட்பாரும் கொடுப்பாரும் நேர் நிற்கும் இடம் அது. இன்று அம்மென்பொருள் விலையின்றி எவர்க்கும் கிடைக்கின்றது. வேறு பல தொல்குடிகளும் அதனைக் கைக்கொண்டுள்ளனர். பெரிய தந்தையாரின் முதற் கேள்விக்கு அவர் வீட்டிலிருந்து பல்லாயிரம் கல் தொலைவில் விடை செய்யப்பட்டிருந்தது.

இங்கே நம் இளைஞர் ஒருவர் எழுந்து, மறைத்து வைத்தலைப் புகழ்கின்றீரோ என்று வினவக்கூடும். வினவுதல் தகும். நம் நாட்டில் மறைத்தல் என்பதற்குக் கறைபடிந்த வரலாறு உண்டு. கல்வியையும் கோயிலையும் கிணற்றையும் ஒரு சாரார்க்கு அடைத்தவர்களும் மரபு, மறை என்றே சொன்னார்கள். நம் குலத்தாரும் அப்பழிக்கு முற்றும் புறம்பானவர் அல்லர். இதனைச் சங்கத்து மேடையிற் சொல்லாமல் வேறெங்குச் சொல்வது? மேலும், நிலம் பறிக்கப்பட்டு, பிள்ளைகள் பிரிக்கப்பட்டு, மொழி தடுக்கப்பட்ட அம்மக்களோடு நம்மை ஒப்பிட்டுக்கொள்வதும் நேர்மையன்று. தமக்குரியதைப் பிறர் வாரிக்கொண்டு போகாமற் காத்தல் வேறு. பிறர்க்கும் உரியதைத் தமக்கென அடைத்தல் வேறு. நம் வீட்டுச் சுவடிகளில் நெடுங்கணக்கும் நிகண்டும் புராணமும் இருக்குமாயின் அவற்றை இன்றே திறந்துவிடுங்கள். ஒரு நாளும் தாழ்க்க வேண்டா. குடும்பத்தார் வாழ்க்கைச் செய்திகளும், தவறாகக் கையாண்டால் உயிர்க்குக் கேடு செய்யும் நஞ்சு சேர்ந்த மருந்து முறைகளும் அவ்வகையின அல்ல என்பதே எம் கருத்து.

வாரிக்கொண்டு போதல் என்றோம். 1995இல் மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்க நாட்டில் இருவர்க்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தார் வழக்காடி 1997இல் அதனை நீக்குவித்தனர். பாட்டி சொன்னாள் என்பது அங்கே சான்றாகாது. அச்சிட்ட எழுத்தே வேண்டியிருந்தது. இத்தகைய தொல்லைகளின் பயனாகவே 2001இல் மரபறிவுக்கான டிஜிட்டல் நூலகம் ஒன்று தொடங்கப்பெற்று, ஆயுர்வேதம், யுனானி, சித்தம் முதலியவற்றின் நூற்செய்திகள் ஐந்து அயல்மொழிகளிற் பெயர்க்கப்பட்டன. அதனையும் அரசினர் எல்லார்க்கும் திறந்துவிடவில்லை. காப்புரிமை அலுவலகத்தார் பார்க்கலாம், பிறர்க்குச் சொல்லலாகாது என்னும் உடன்படிக்கையோடு வைத்தனர். 2022இலே தான் வேறு பயனாளர்க்கும் படிப்படியாகத் திறக்க அமைச்சரவை இசைந்தது. அரசே இத்துணை எச்சரிக்கையோடு நடக்கும்பொழுது, நாம் ஒரு பிற்பகலிற் கைதூக்கி முடிவு செய்துவிடலாமா?

யாரைக் கேட்பது என்பதும் எளிதன்று. அகத்தியமலைச் சாரலில் வாழும் காணி மக்களில் வழிகாட்டியாக வந்த சிலர், 1987இல் ஆராய்ச்சியாளர்க்குக் களைப்பு நீக்கும் ஒரு செடியைக் காட்டினர். முதலில் தயங்கியே காட்டினர். அதிலிருந்து மருந்து செய்யும் உரிமை 1995இல் ஒரு மருந்துச்சாலைக்கு அளிக்கப்பட்டு, வருவாயிற் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. உலகமே மெச்சிய ஏற்பாடு அது. ஆயினும் அம்மக்களுள் மருத்துவம் அறிந்த மூப்பர் சிலர், எங்களைக் கேட்கவில்லையே என்று மறுத்துரைத்தனர். காட்டியவர் சிலர், உரியவர் பலர். நம் வீடுகளிலும் மூத்த மகன் இசைந்தான் என்பதனால் தங்கையும் இசைந்தவளாகாள்.

கருவிகளின் நிலையாமை குறித்தும் ஒரு சொல். பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தார் 1986இல், 1086ஆம் ஆண்டில் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்னும் நாட்டுக் கணக்கேட்டின் நினைவாக, அந்நாட்டு மக்களின் வாழ்க்கைச் செய்திகளைத் திரட்டி லேசர்த் தட்டுக்களிற் பதித்தனர். பதினைந்து ஆண்டளவில் அத்தட்டுக்களைப் படிக்கும் பொறி கிடைத்தற்கரிதாயிற்று. தோலில் எழுதிய பழைய ஏடோ தொள்ளாயிரம் ஆண்டு கழிந்தும் படிக்கக் கிடைக்கின்றது. அவ்வளவு தொலைவு போவானேன்? யாம் மாணாக்கராயிருந்த காலத்தில் அன்றைய எழுத்துருவில் தட்டச்சிட்டு வைத்த இலக்கணக் குறிப்புக்கள் இன்று கணினியிற் திறந்தால் அயல்நாட்டு எழுத்துக்களின் குப்பையாகக் காட்சியளிக்கின்றன. ஓலைக்குத் தலைமுறைக்கொரு படி வேண்டியிருந்தது. இக்கோப்புகளுக்குச் சில ஆண்டுக்கொரு படி வேண்டும். அதற்கு ஆளும் பொருளும் ஒதுக்காமல் ஏற்றிவிட்டோம் என்று மகிழ்தல் வீண். மற்றொரு புறத்தில், ஒருமுறை பொதுவெளியில் இட்டதனை மீட்டலும் அரிது. செயற்கை நுண்ணறிவு என வழங்கும் பொறிகளுக்கு இணையத்தில் திறந்து கிடப்பதெல்லாம் இரை.

ஆதலின், தீர்மானத்தில் ‘யாவரும் காணுமாறு’ என்பதனை நீக்கி, ‘உரிய குடும்பத்தார் எழுத்தால் இசைந்த அளவில்’ என மாற்றுமாறு வேண்டுகின்றோம். படமெடுக்கச் செல்வோர் முதல் நாள் கருவியின்றியே செல்க. இதனை எவர் காணலாம், எவர் காணலாகாது, பின்னர் மனம் மாறினால் எங்ஙனம் நீக்குவது என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு மறுநாள் கருவியோடு செல்க. ஏட்டைப் படித்துச் சொல்லும் முதியவரின் குரலையும், அவர் செடியைக் காட்டும் கையையும் ஏட்டின் படத்தோடு சேர்த்தே பதிக. நச்சுப்பொருள் சேர்ந்த முறைகளைத் தகுதியுடைய சித்த மருத்துவரிடம் காட்டாமல் வெளியிடலாகாது. ஒரு படி சங்கத்திலும், ஒரு படி அக்குடும்பத்தாரிடத்தும் இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் தைத் திங்களில் அவற்றைத் திறந்து பார்த்துப் பழுதுற்றதைப் படியெடுக்கச் சங்கத்து வரவுசெலவில் ஒரு தொகை ஒதுக்குக. எவ்வளவு என்பதனைப் பொருளாளரவர்கள் சொல்வார்கள். எமக்குக் கணக்கு வாராது.

எம் பெரிய தந்தையாரின் சுவடியில் எஞ்சிய ஏழு ஏடுகளையும் இத்துணியில் முடிந்து கொண்டுவந்துள்ளோம். இவற்றுள் இரண்டினை மட்டுமே எம்மாற் படிக்க முடிந்தது. எஞ்சிய ஐந்தில் உள்ள செடிப்பெயர்களை அவர் மகளார், எமக்குத் தமக்கை முறையினர், தம் சிறு வயதில் தந்தையோடு காட்டுக்குச் சென்ற பழக்கத்தால் அறிவார் என எண்ணுகின்றோம். அவரும் இங்கு வந்து தாய்மார் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். இவற்றைப் படமெடுக்கலாமா என்பதனை யாம் இன்னும் அவரிடம் கேட்கவில்லை. கூட்டம் கலையுமுன் செயலாளரவர்கள் அவரிடம் சென்று கேட்பாராக.